மண்டபத்துச் சாவியும் லோயர் கடிதமும்

எனக்குப் பயமில்லாத விஷயம் குறைவு. மழை விடாமல் பெய்தால் மண்சரிவுக்குப் பயப்படுவேன். வெயில் அடித்தால் குளவிக்கூட்டுக்குப் பயப்படுவேன். நான் ஓட்டுகிற த்ரீவீலின் பிரேக்குக்கும், ஹாலிஎல சந்தியில் நிற்கிற ட்ராபிக் பொலிஸுக்கும் தினமும் பயப்படுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதாலோ என்னவோ, அச்சடித்த தாளில் என் பெயரைக் கண்டாலே மடித்து வைத்துவிடுவேன். லைட் பில்லைக்கூட என் வீட்டுக்காரிதான் பிரிப்பாள்.

அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். "உங்களுக்குப் பயப்படுறதுக்குச் சம்பளம் கொடுத்தா நாம இந்நேரம் பதுளை டவுன்ல மாடி வீடு கட்டியிருப்போம்" என்பாள். இத்தனைக்குப் பயந்த நான் ஒன்றுக்கு மட்டும் பயப்பட மறந்திருந்தேன். லோயர் கடிதம் என்று ஒன்று எங்கள் லயத்துக்கு, இந்த ஒற்றை வரிசைத் தோட்டத்து வீடுகளுக்கு, வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவளுடைய தம்பி கல்யாணத்தில்தான் எல்லாம் தொடங்கியது. தாய் இல்லாத பையன், இவள்தான் வளர்த்தாள். பொண்ணு வெலிமடை. லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டு வியாபாரம் செய்கிற குடும்பம், எங்களைவிடக் கொஞ்சம் வசதி. தோட்டத்துக் கோயில் மண்டபமே போதும் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "பொண்ணு வீட்டு ஆளுங்க முன்னாடி என் தம்பி கொறஞ்சு தெரியக் கூடாதுங்க" என்று பதுளையில் ஒரு மண்டபத்தைத் தன் பெயரிலேயே எடுத்தாள்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. தாலி கட்டி, சாப்பாடும் முடிகிற நேரத்தில் வெளியே நல்ல மழை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு, பக்கத்துக் காம்பரா அக்காவுக்குச் சீனி வியாதி, அடிக்கடி கக்கூஸ் போக வேண்டும். பெண்கள் கக்கூஸ் பூட்டியிருந்தது. சாவி முன்னால் மேசையில் இருந்த மனேஜரிடம். அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"தண்ணி இல்லம்மா. பூட்டிட்டோம். பஸ் ஸ்டாண்டுல இருக்கு, அங்க போயிட்டு வாங்க."

அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் போனாள். அவளுக்குப் பிறகு லயத்துப் பெண்கள் இன்னும் சிலர் போனார்கள், கைப்பிள்ளைக்காரி ஒருத்தியும் போனாள். தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொண்ணோட பெரியம்மா எழுந்து மேசைக்குப் போனார். மனேஜர் மேசை லாச்சியைத் திறந்து சாவியை எடுத்து, சிரித்த முகத்தோடு அவர் கையில் கொடுத்தார். தொலையாமல் இருக்க அந்தச் சாவியில் ஒரு சிரட்டை அகப்பையைக் கட்டி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரி வெற்றிலைத் தட்டோடு பக்கத்திலேயே நின்றாள்.

"தண்ணி வந்திருச்சுங்களா?" என்று கேட்டாள்.

மனேஜர் குரலைத் தாழ்த்தி, ஏதோ அவளுக்கு உதவி செய்வது போலச் சொன்னாராம்: "தண்ணி இருக்குது. தோட்டத்து ஆளுங்க இத்தனை பேரு உள்ள போனா அப்புறம் யாரு கழுவுறது, சொல்லுங்க?"

அவள் மேடையைப் பார்த்தாள். தம்பி மாலையோடு உட்கார்ந்திருக்கிறான். தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய், "வெத்தல எடுத்துக்கங்க" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த யாருக்கும், எனக்கும்கூட, ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு சிரிப்பை எங்கேயிருந்து எடுத்தாள் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள், கொழுந்து மலையிலிருந்து வந்து கால் கழுவி, கட்டிலில் உட்கார்ந்து போனில் ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இன்டர்நெட்டில் அந்த மண்டபத்தின் படத்துக்குக் கீழே எல்லாரும் நல்லது கெட்டது எழுதுகிற இடம் இருக்கிறதே, அங்கே. ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தாள். எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"சாப்பாடு நல்லா இருந்தது. கத்தரிக்காய் மோஜு மிகவும் ருசி. மேடை அழகு. ஆனால் பெண்கள் கக்கூஸில் தண்ணி இல்லை என்று சொல்லி, தோட்டத்தில் இருந்து வந்த எங்களுக்குச் சாவி தரவில்லை. வேறு ஆட்களுக்குத் தந்தார்கள். எங்கள் பெண்கள் மழையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மண்டபம் எடுக்கிறவர்கள் முதலில் சாவியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்."

"இது எதுக்கு புள்ள நமக்கு?" என்றேன்.

"அடுத்து எடுக்கிறவங்க தெரிஞ்சுக்கத்தான்."

"திட்டி எழுதுறவ சாப்பாடு நல்லா இருந்திச்சுன்னு வேற எழுதியிருக்கே?"

"நல்லாத்தானே இருந்திச்சு. நீங்க மோஜு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னீங்களே."

சில நாள் கழித்து மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். மண்டபம் எடுத்தபோது என் நம்பரையும் கொடுத்திருந்தோம். இப்போது புதுப் புதுச் சட்டமெல்லாம் வந்திருக்கிறது, இன்டர்நெட்டில் கண்டதை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா, முதலாளி கோபத்தில் இருக்கிறார் என்றெல்லாம் சொன்னார். எனக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தை. "சரிங்க சார். சரிங்க சார்."

அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "வணக்கங்க. நீங்க சொல்றதை எழுதிக் குடுத்துருங்க. போன்ல சொன்னா எனக்கு மறந்து போயிரும்" என்று சொல்லி, மரியாதையாக வைத்துவிட்டாள்.

அவர் எழுதியே கொடுத்தார். லோயரை வைத்து எழுதி, ரெஜிஸ்டர் தபாலில்.

எங்கள் லயத்துக் காம்பராக்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அடகுக்கடைக் கடிதமும், கொழும்பில் வேலைக்குப் போன மகள் போடுகிற கடிதமும் எல்லார் காதிலும் விழுந்துதான் கைக்கு வரும். அன்றைக்குத் தூறல் என்பதால் அவளை இறக்கிவிட நானும் பெரட்டுக்களத்துக்குப் போயிருந்தேன்.

கணக்குப்பிள்ளை உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் பெயரைச் சொல்லி, "யாத்தே, லோயர் லெட்டர்!" என்று கத்திவிட்டார். கூடையும் தலைக்கயிறுமாக நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் த்ரீவீலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஒபீஸ் வாசலில் பெரிய கிளாக்கர் ஐயா நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். கிட்ட வந்து மெல்ல, "பிள்ளை, இதை இப்ப பிரிக்க வேண்டாம். பிறகு ஒபீசுக்கு வாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

"இங்கேயே வாசிங்க ஐயா."

"இஞ்சையோ? இவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ?"

"இவங்களைப் பத்தித்தானே ஐயா எழுதினேன். இவங்களும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். எழுதினது முழுக்கப் பொய். அன்றைக்குத் தண்ணீர்த் தடையால் கக்கூஸ் எல்லா விருந்தாளிகளுக்கும் பூட்டப்பட்டிருந்தது. மண்டபத்தின் பெயர் கெட்டுவிட்டது. பதினாலு நாளுக்குள் எழுதினதை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு, தான் எழுதியது பொய் என்று அதே இடத்தில் எழுதி மன்னிப்பும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டஈடு கேட்டு வழக்கு. நட்டஈட்டுத் தொகைக்கு வந்ததும் ஐயா நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, பிறகு சொன்னார். அந்தத் தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை. 

 கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் வந்தது. "பொய்யா? அப்ப நான் மழையில பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்குப் போனேனாம்? கொழும்பு பஸ்ஸைப் பார்க்கவா?"

பெரட்டு முழுக்கச் சிரித்தது.

"ஐயா, நானும் போனேன். எழுதிக்கங்க."

"என் புள்ளைக்கு அன்னைக்குப் பிடிச்ச சளி இன்னும் விடலை, அதையும் எழுதுங்க ஐயா!"

"நான் ஒண்டும் எழுதேலாது பிள்ளையள், இது கோட்டு விஷயம்!" என்று ஐயா கையை ஆட்டினார்.

"மலைக்குப் போங்கம்மா, தொரை வர்ற நேரம்" என்று கணக்குப்பிள்ளை கெஞ்சினார்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. இந்த மாதிரிக் கடிதத்தை ஒரு ஆள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசித்துத் தனியாக நடுங்க வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறார்கள். எனக்கு வந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் எங்கள் தோட்டத்தில் தனியாகக் கடிதம் வாங்க வழியே கிடையாது. மண்டபத்துக்காரர்களுக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாயந்தரம் நான் அவளிடம் மன்றாடினேன். எடுத்துவிடு, இந்தத் த்ரீவீலும் போய்விடும், கட்டிலும் போய்விடும் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். என் பயத்தை அவள் கேலி செய்வாளே தவிர, ஒருநாளும் கேட்காமல் போனதில்லை.

"எடுக்க மட்டும் சொல்லியிருந்தா உங்களுக்காக எடுத்திருப்பேங்க. ஆனா பொய்யின்னு என் கையால எழுதணுமாம். அக்கா நனைஞ்சது பொய், கைப்பிள்ளைக்காரி நனைஞ்சது பொய்னு நான் எழுதணுமாம். அது மட்டும் என்னால முடியாது."

நான் த்ரீவீலைத் துடைக்கப் போய்விட்டேன். 

சரி, என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் ஒபீசோடு ஏதாவது பிரச்சினை என்றால் நாங்கள் எழுதிக்கொண்டிருப்பதில்லை. பத்துப் பேராய்ச் சேர்ந்து நேரே போய் நிற்போம். இதற்கும் அப்படியே முடிவாயிற்று. கடிதத்தின் தலையில் லோயரின் விலாசம் இருந்தது, பதுளையில் கோர்ட்டுக்குக் கிட்ட. எழுதினவர் அவர், ஆகவே போய்ப் பார்க்க வேண்டியதும் அவரைத்தான். எதிராளியின் லோயரிடம் போகக் கூடாது என்பது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் யோசித்துப் பயப்படுகிற எனக்கும் அது தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். பெண்கள் பஸ்ஸில் போனார்கள். அக்காவை நான் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டேன். மடியில் ஒரு ஷொப்பிங் பை வைத்திருந்தாள். "என்னக்கா அது?" என்றேன். "கல்யாணத்துச் சேலை. பார்டர்ல பஸ் ஸ்டாண்டுச் சேறு இன்னும் இருக்கு. துவைக்காம வச்சிருக்கேன். சாட்சி வேணாமா?" என்றாள்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் எங்களுக்காக ஒருவர் காத்து நின்றார். பொண்ணோட பெரியம்மா, கையில் ஒரு கட்டு லீக்ஸ். புதுப் பொண்ணு சொல்லிக் கேள்விப்பட்டு வெலிமடை பஸ்ஸில் வந்திருந்தார். என் வீட்டுக்காரிக்கு முகம் வாடிவிட்டது. இந்தக் கதை பொண்ணு வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் அவள் ஒளித்திருந்தாள்.

"உங்களை இதுல இழுக்கக் கூடாதுன்னு இருந்தேன் மதினி."

"நல்லா இருந்தீங்க போங்க. சாவி என் கையிலதானே இருந்திச்சு? நான் வராம யாரு வர்றது?" என்றார் பெரியம்மா. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அகப்பையோட சாவியை வெலிமடைக்கே கொண்டு போயிருப்பேனே!"

லோயர் வயதான சிங்கள ஐயா. வீட்டின் முன் அறைதான் ஒபீஸ். எங்கள் பெண்கள் உள்ளே போய், பெரட்டில் நிற்பது போலச் சுவரோரம் வரிசையாக நின்றுவிட்டார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரி கடிதத்தை மேசையில் வைத்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் அந்தப் பக்கத்து லோயர் அம்மா" என்று உடைந்த தமிழில் சொன்னார். "உங்களோட இதைப் பத்தி நான் கதைக்க ஏலாது. நீங்க வேற லோயரைப் பார்க்க வேணும்."

நான் அப்போதே வாசலுக்குப் போய்விட்டேன். அவள் நகரவில்லை. தோட்டத்துக்கு வெளியே, இப்படி ஒரு மேசைக்கு முன்னால் அவள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"தெரியாம வந்துட்டோம், மன்னிச்சுக்கங்க ஐயா. நீங்க ஒண்ணும் கதைக்க வேணாம். இதுல எல்லாருக்கும் பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. உங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருப்பாங்க, உங்க மேல தப்பு இல்ல. இவங்க எங்க சம்பந்தி வீடு. இவங்க கையில சாவி கொடுத்தாங்க. அவங்க எங்க பக்கத்துக் காம்பரா. அவங்களை மழையில அனுப்புனாங்க. இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

பெரியம்மா, "ஆமாங்க, கொடுத்தாங்க" என்றார். அக்கா பையிலிருந்து சேலையை உருவத் தொடங்கினாள். "வேணாம் அம்மா, வேணாம்" என்று லோயர் கையைக் காட்டினார். ஆனாலும் அந்தச் சேற்று பார்டரை அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

சேலையை மடித்து முடித்த அக்கா, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இங்க கக்கூஸ் இருக்குங்களா?"

என் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று எனக்குத் தெரியவில்லை. லோயர் எழுந்தார். தானே போய் வீட்டுக்கு உள்ளே போகிற கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, "இந்தப் பக்கம், அம்மா" என்றார். அக்கா வருகிற வரை நின்றுகொண்டே இருந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் சட்ட உதவி செய்கிற ஒபீஸ் எங்கே இருக்கிறது என்று போகும்போது ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை அந்த ஒபீசுக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். அங்கே இருந்த இளம் லோயர் மிஸ், நடந்ததைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எதிர்ப்பக்க லோயர் வீட்டுக்கா போனீங்க? அதுவும் பஸ் பிடிச்சு?" பிறகு சிரிப்பை நிறுத்தி வேலையைப் பார்த்தார். எழுதினதைப் போனில் படம் பிடித்து வைக்கச் சொன்னார். இனிமேல் அதில் ஒன்றும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, மண்டபத்தில் இருந்து போன் வந்தால் பேச வேண்டாம், யார் யார் பார்த்தார்கள் என்று விலாசத்தோடு எழுதித் தர வேண்டும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் அவள் எழுதினதை மறுபடி வாசித்தார்.

"ஒரு சொல் கூட்டிச் சொல்லலையே அக்கா. சாப்பாடு நல்லா இருந்ததுன்னும் எழுதியிருக்கீங்க. கோவத்துல எழுதுறவங்க இப்படி எழுத மாட்டாங்க."

"கோவத்துலதான் மிஸ் எழுதினேன். ஆனா சாப்பாடு நல்லா இருந்திச்சே."

பதில் கடிதம் போயிற்று. எழுதியது உண்மை, பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள், பொய் என்று எழுத மாட்டோம் என்று. பதினாலாவது நாள் நான் த்ரீவீல் ஹயருக்குப் போகவில்லை. பொலிஸ் ஜீப் வந்தால் தெரியும்படி லயத்து முனையிலேயே நின்றேன். வந்தது கோழித்தீவன லொறி. அவள் வழக்கம் போல மலைக்குப் போய், வழக்கம் போல வந்தாள். வழக்கும் வரவில்லை, வேறு கடிதமும் வரவில்லை. "வராது. வந்தா பார்த்துக்கலாம்" என்றார் மிஸ். அந்த 'வந்தா' என்ற சொல்லை வைத்து நான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன்.

பல மாதம் போன பிறகு, கீழ் லயத்தில் ஒரு கல்யாணம், அதே மண்டபத்தில். நான் வெளியே த்ரீவீலிலேயே இருந்துகொண்டேன். அவள் உள்ளே போனாள். சாவி இப்போது மேசை லாச்சியில் இல்லையாம். கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, அந்தச் சிரட்டை அகப்பையோடு தொங்கவிட்டிருந்தார்களாம். அதே மனேஜர் அவளைப் பார்த்துவிட்டுப் பந்தல் பூவைச் சரி செய்யப் போய்விட்டாராம். பக்கத்துக் காம்பரா அக்கா வேண்டியதில்லாமலே இரண்டு தரம் போய் வந்தாளாம்.

வீட்டுக்கு வந்ததும் மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, இப்போது எழுதலாமா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். பழசை எடுக்கவில்லை. அதற்குக் கீழே சேர்த்தாள்: "இப்போது சாவி வெளியில் ஆணியில் தொங்குகிறது. யாரும் எடுக்கலாம். நானே போய்ப் பார்த்தேன். தண்ணி வருகிறது." ஒரு ஸ்டார் இருந்த இடத்தில் நாலு போட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோடு எல்லாம் முடிந்துபோகட்டும் என்று, "அதான் எல்லாம் சரியாயிருச்சே. அஞ்சாவதையும் போட்டு விடேன் புள்ள" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எப்படிங்க போடுறது? சோப்பு வைக்கலையே."

அதையும் எழுதிவிட்டாளா என்று கேட்டேன். எழுதிவிட்டாளாம். நாளைக்குப் பெரட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். தபால் வருகிற நாள்.